ஏ சேர்த்த சிஎஸ்கே: மாஸ்கோவில் ஏழு நாள்

முதல் நாள்

ஷெரமெத்யெவோ விமான நிலையத்தில் இறங்கியதும் செய்த முதல் வேலை, கையிலிருந்த டாலரை ரூபிளாக மாற்றியது. நம்மிடம் இருக்கும் விசா, மாஸ்டர் கார்டுகள் 2022 மார்ச்சிலிருந்து இங்கே வெறும் பிளாஸ்டிக் துண்டுகள்தான். ஏழு நாளுக்கும் ரொக்கமாகவே கொண்டுவந்திருக்கிறேன். பேன்ட்டின் உள்பையில் பாதி, சாக்ஸில் மீதி. எங்கள் தாத்தா திருப்பதிக்குப் போனது இப்படித்தான்.

எதற்கு மாஸ்கோ என்று கேட்டவர்களிடம் எல்லாம் "சிஎஸ்கேஏ பார்க்க" என்று சொன்னேன். "அதான் சேப்பாக்கத்துலயே இருக்கே" என்று சிரித்தார்கள். கடைசியில் ஒரு ஏ இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. மத்திய ராணுவ விளையாட்டுக் கழகம் என்பதன் ரஷ்யச் சுருக்கம் அது. அவர்கள் வாயில் 'செஸ்கா' என்று ஒரே மூச்சில் வருகிறது, நானும் அப்படியே எழுதப்போகிறேன். கால்பந்து, ஐஸ் ஹாக்கி என்று அந்தப் பெயரில் பல அணிகள் உண்டு. நான் தேடி வந்தது கூடைப்பந்து அணியை. பள்ளியில் ஆடி, முழங்கால் போய், அப்புறம் பார்க்க மட்டும் செய்பவர்களில் நானும் ஒருவன். பதினைந்து வருடமாக நடு ராத்திரியில் மங்கலான ஒளிபரப்பில் பார்த்த சிவப்பு நீலச் சட்டைகள் எங்கிருந்து வந்தன என்று நேரில் பார்க்க ஆசை.

பெலோருஸ்கி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வரும்போது மணி நாலே கால். இருட்டிவிட்டது. நவம்பர் கடைசி. பனி விழவில்லை, ஏற்கெனவே விழுந்தது பழுப்பு நிறக் கூழாகக் காலடியில் கிடக்கிறது.

இரண்டாம் நாள்

நான் தங்கியிருப்பது லெனின்கிராத்ஸ்கி சாலைக்கு அருகில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பொறியாளர், எழுபதைத் தாண்டியவர். போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு பேசுகிறோம். எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் மனுஷர் சமையலறைக்குள் போய், சிவப்பு நீலத் துண்டு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

காலையில் அந்தச் சாலையில் நடந்தேன். ஒரே சாலை, இரண்டு சாம்ராஜ்யங்கள். தினமோ மெட்ரோ நிலையத்தின் பக்கம் தினமோ கழகத்தின் இடம், அது காவல்துறையும் உளவுத்துறையும் வளர்த்த கழகம். சற்றுத் தள்ளி, 39ஆம் எண்ணில், ராணுவத்தின் இடம். அந்த வளாகத்துக்குள்தான் கோச் அலெக்சாந்தர் கோமெல்ஸ்கி பெயரிலான விளையாட்டு அரங்கம். 1979இல் திறந்தது, சுமார் 5,000 பேர் உட்காரலாம். இன்று ஆட்டம் இல்லாததால் வெளியிலிருந்துதான் பார்த்தேன். சோவியத் காலத்துக் கட்டடம், அலங்காரம் என்று எதுவும் கிடையாது. ஐரோப்பாவின் மிகப் பெரிய கூடைப்பந்து அணிகளில் ஒன்றின் வீடு என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

எனக்கு அங்கே வேறு ஒன்றும் ஞாபகம் வந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் கூடைப்பந்து ஆட்டங்கள் இந்த ராணுவ வளாகத்திலும் நடந்தன. இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அந்த ஒரே தடவைதான். பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த வாய்ப்பு அது. எல்லா ஆட்டங்களிலும் தோற்று 12ஆம் இடம், அதாவது கடைசி. நாங்கள் இருந்த பிரிவில்தான் சோவியத் அணியும் இருந்தது. எதிரே நின்றவர்களில் செர்கெய் பெலோவ் ஒருவர், 220 செ.மீ. விளதீமிர் த்காச்சென்கோ இன்னொருவர். நம் பையன்கள் அண்ணாந்து பார்த்தே களைத்திருப்பார்கள்.

மாலை வீட்டுக்காரரோடு தேநீர். கழகத்தின் பிறப்பு 1923, செம்படையின் விளையாட்டு அமைப்பாக. முதல் சோவியத் பட்டம் 1945இல்தான் வந்தது. அதற்கடுத்த பட்டத்துக்கு 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. மொத்தம் 24 சோவியத் பட்டங்கள். 1976 முதல் 1984 வரை தொடர்ந்து ஒன்பது.

எப்படி இப்படி என்று கேட்டேன். அவர் கண் சிமிட்டிவிட்டு, தபால்காரர் கடிதம் கொடுப்பதுபோல் கையைக் காட்டினார். ராணுவ அழைப்பாணை. பதினெட்டு வயதான பையன் எங்கோ தாஷ்கண்டிலோ மின்ஸ்கிலோ நன்றாக ஆடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வரும். வந்த பிறகு அதிகாரிப் பதவி, சம்பளம், மாஸ்கோவில் வீடு என்று தங்கவைக்கும் வழிகளும் உண்டு. "எல்லோரும் கொடுத்தார்கள், நாங்கள் வாங்கிக்கொண்டோம்" என்று போன் பெண் குரலில் தமிழில் சொன்னது. அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

மூன்றாம் நாள்

வாகன்கோவோ கல்லறைத் தோட்டம். 'உலித்சா 1905 கோதா' மெட்ரோவில் இறங்கி நடக்க வேண்டும். கவிஞர் யெசெனின், பாடகர் விசோத்ஸ்கி எல்லாம் அடக்கமாகியிருக்கும் இடம் என்பதால் வாசலில் பூக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று கார்னேஷன் கேட்டேன். கடைக்கார அம்மா கல்லறைப் பக்கம் கை காட்டி ஏதோ கேட்டார், தலையாட்டினேன். உடனே நாலாவது பூ ஒன்றை எடுத்துச் சேர்த்துக் கட்டிவிட்டார். இங்கே இறந்தவர்களுக்கு இரட்டைப்படையில்தான் பூ வைக்க வேண்டுமாம், ஒற்றைப்படை உயிரோடிருப்பவர்களுக்கு. நம் ஊரில் மொய்க்கவரில் 101 வைக்கிற அதே கணக்கு.

இரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு பூ. கோமெல்ஸ்கிக்கும் பெலோவுக்கும்.

இந்த இருவரைப் பற்றி எழுதாமல் செஸ்காவைப் பற்றி எழுத முடியாது. வேடிக்கை என்னவென்றால், இருவருமே அங்கே முளைத்தவர்கள் இல்லை. கோமெல்ஸ்கி லெனின்கிராத் அருகே குரோன்ஷ்தாத்தில் 1928இல் பிறந்தவர். ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை 1958இல் தொடங்கியபோது முதல் மூன்று வருடமும் அதை வென்றது அவர் பயிற்சி கொடுத்த ரீகா ராணுவ அணி. 1961 இறுதியில் அந்த ரீகாவைத் தோற்கடித்துத்தான் செஸ்கா தன் முதல் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. செஸ்காவின் தந்தை என்று இன்று கொண்டாடப்படுபவர் அன்று எதிர்ப் பக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்!

1963இல் இரண்டாவது கோப்பை. எதிரணி ரியல் மாட்ரிட். மாட்ரிட்டில் 86–69 என்று ஸ்பானியர்கள் வென்றார்கள், வித்தியாசம் 17. மாஸ்கோவில் 91–74 என்று செஸ்கா வென்றது, வித்தியாசம் அதே 17. மொத்தப் புள்ளிகள் சமம். மூன்றாவது ஆட்டம் வைக்க வேண்டியதாயிற்று, செஸ்கா 99–80. அந்த அணியின் மூளை அர்மேனாக் அலச்சச்சியான் என்ற குள்ள ஆட்டக்காரர். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்த அர்மேனியர், அல்மா அத்தாவில் ஆடிவிட்டு மாஸ்கோ வந்தவர். 1969இல் பார்சிலோனாவில், இரண்டு ஓவர்டைம் போய் 103–99 என்று மறுபடி ரியல் மாட்ரிட்டை வென்றபோது அவரே கோச்.

அப்புறம் கோமெல்ஸ்கி வந்தார். 1970களில் செஸ்கா என்றால் அவர்தான். ஆனால் 1971இல், ஆன்ட்வெர்ப்பில் இத்தாலியின் வரேசே அணியோடு இறுதி ஆட்டம் நடந்தபோது அவர் மாஸ்கோவில் இருந்தார். மேலிடத்துக்குச் சந்தேகம், வெளிநாடு போக அனுமதி இல்லை. ராணுவக் கழகத்தின் கோச்சுக்கே அந்தக் கதி. ஆடிக்கொண்டே அணியையும் நடத்தியவர் செர்கெய் பெலோவ், வயது 27. செஸ்கா 67–53 என்று ஜெயித்தது. ஆட்டக்காரர் நேரம் கேட்டு, தானே ஓரத்துக்கு வந்து, தானே திட்டம் சொல்லி, தானே உள்ளே போய்ப் பந்தை எறிவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

பெலோவ் சைபீரியாவின் தோம்ஸ்க் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஸ்வெர்த்லோவ்ஸ்கிலிருந்து 1968இல் செஸ்காவுக்கு வந்தார். 1980 ஒலிம்பிக் சுடரை ஏற்றிய கை அவருடையது. 1992இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழரங்கம் அமெரிக்காவுக்கு வெளியே ஆடிய ஒருவரை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டபோது அந்தப் பெயரும் அவருடையதே. சோவியத் நாடு போன பிறகு செஸ்கா 1992 முதல் 2000 வரை ஒன்பது ரஷ்யப் பட்டங்களை வரிசையாக எடுத்தது. அந்த வரிசையை 2001இல் உடைத்தது பெர்ம் நகரத்து 'உரால் கிரேட்'. அதன் கோச் யார்? பெலோவேதான். 2002இலும் அவர்களே. கோபமா, பழிவாங்கலா என்றெல்லாம் நான் கற்பனை செய்ய மாட்டேன். ஆனால் ராணுவம் ஊர் ஊராகப் போய் ஆட்களை எடுத்துவந்த கழகத்தை, அப்படி வந்த ஒருவரே ஊர்ப்பக்கம் போய் நின்று தோற்கடித்தார் என்பதில் எனக்கு ஒரு சின்ன திருப்தி. செஸ்கா அப்போதும் பழைய வழக்கத்தை விடவில்லை. 2002இல் உரால் கிரேட்டின் நிர்வாகி செர்கெய் குஷ்சென்கோவையே தலைவராகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. 2003 முதல் மறுபடி பட்டம். உரால் கிரேட் 2008இல் மூடப்பட்டது.

குளிரில் விரல் மரத்துவிட்டது. பூவை வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

நான்காம் நாள்

தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்காரர் தேனும் ராஸ்பெர்ரி ஜாமும் கலந்த வெந்நீர் கொடுத்தார். நாள் முழுக்கப் படுக்கை. மிளகு ரசம் வேண்டும் என்று செயலியில் சொன்னேன், அது என்ன மொழிபெயர்த்ததோ, அவர் கருமிளகு போட்ட முட்டைக்கோஸ் சூப் வைத்துக் கொடுத்தார். பெயர் ஷீ. பரவாயில்லை, மூக்கு திறந்தது.

ஐந்தாம் நாள்

இன்றைய முட்டாள்தனத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு. இன்று ஆட்டம், அதற்காகவே இந்த வாரம் பார்த்து வந்தேன். அட்டவணையில் 'லோகோமோதிவ் குபான் – செஸ்கா' என்று இருந்தது. சாயங்காலம் கோட்டு, குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வீட்டுக்காரர் எங்கே என்றார். ஆட்டத்துக்கு என்றேன். "க்ராஸ்னதாருக்கு நடந்தா?" என்றார். சொந்த மைதானத்தில் ஆடும் அணியின் பெயரைத்தான் முதலில் போடுவார்களாம். லோகோமோதிவின் ஊர் க்ராஸ்னதார், இங்கிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஐபிஎல் அட்டவணையைக் கரைத்துக் குடித்த எனக்கு இது உறைக்கவில்லை.

சரி, அவருடைய சமையலறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஊறுகாய் வெள்ளரி, கறுப்பு ரொட்டி, உப்புப் போட்ட மீன். ஒருவகையில் அரங்கத்தை விட இதுதான் லாபம், அவர் வாய் மூடவேயில்லை.

தன் வாழ்க்கையின் மோசமான நாள்கள் என்று மூன்றைச் சொன்னார். முதலாவது 1977. சோவியத்துக்கும் இஸ்ரேலுக்கும் தூதரக உறவே கிடையாது. மக்காபி தெல் அவிவோடு ஆட வேண்டும், மாஸ்கோவிலும் முடியாது, தெல் அவிவிலும் முடியாது. கடைசியில் பெல்ஜியத்தின் விர்தோன் என்ற சின்ன ஊரில் வைத்தார்கள். மக்காபி 91–79 என்று வென்றது. அவர்களுடைய டால் ப்ரோடி "நாங்கள் வரைபடத்தில் இடம்பிடித்துவிட்டோம்" என்று சொன்ன வாக்கியம் இஸ்ரேலில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது, 2005 மே. பழைய ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையின் இன்றைய வடிவமான யூரோலீக்கின் கடைசி நான்கு அணிகளின் கட்டம் மாஸ்கோவிலேயே, ஒலிம்பீஸ்கி அரங்கத்தில். அந்தப் பருவம் முழுக்கச் செஸ்காவை அசைக்க ஆளில்லை. அரையிறுதியில் ஸ்பெயினின் தாவ் அணியிடம் விழுந்தது. வீட்டுக்காரர் அன்று அரங்கத்தில் இருந்தாராம். நோயிலிருந்த கோமெல்ஸ்கி அந்த ஆகஸ்டில் காலமானார். அடுத்த வருடம் ப்ராகில் மக்காபியை 73–69 என்று வென்று 35 வருடத்துக்குப் பிறகு கோப்பை வந்தபோது பார்க்க அவர் இல்லை. இதைச் சொல்லும்போது வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

மூன்றாவது, 2012 இஸ்தான்புல். இது எனக்கும் காயம், இதை நான் நேரலையில் பார்த்தேன். ஆந்த்ரேய் கிரிலென்கோ, தியோடோசிச் எல்லாம் இருந்த அணி. கிரீசின் ஒலிம்பியாகோசை மூன்றாம் பகுதியில் 19 புள்ளி முந்திக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கரையத் தொடங்கியது. ஒரு புள்ளி முன்னிலை, சில விநாடிகளே பாக்கி, செஸ்காவின் ஷிஷ்கௌஸ்கஸ் கையில் இரண்டு ப்ரீ த்ரோ. சாதாரணமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுகிற ஆள். இரண்டும் வெளியே. எதிர்முனையில் ஸ்பனூலிஸ் பந்தைக் கொடுக்க, ப்ரின்டெசிஸ் மெதுவாக ஒரு தூக்கு. 0.7 விநாடி மிச்சம். 62–61. அன்று இரவு நான் தூங்கவில்லை, மறுநாள் அலுவலகத்தில் காரணமும் சொல்ல முடியவில்லை. யாரிடம் சொல்ல? பக்கத்து இருக்கைக்காரரிடம் ஷிஷ்கௌஸ்கஸ் என்றா?

நல்ல நாள்கள் என்று கேட்டேன். 2016 பெர்லின், துருக்கியின் ஃபெனெர்பாச்சேயோடு, ஓவர்டைமில் 101–96. கடைசி நொடிகளில் க்ர்யாப்பா பந்தைத் தட்டி உள்ளே போட்டுச் சமன் செய்திருக்காவிட்டால் ஓவர்டைமே இல்லை. 2019 விதோரியாவில் எஃபெசை 91–83. அது எட்டாவது ஐரோப்பியக் கோப்பை.

அதற்கு மேல் பேச்சு இயல்பாகவே 2022க்கு வந்து நின்றது. பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது படையெடுப்பு. நாலே நாளில் யூரோலீக் செஸ்கா, கசானின் உனிக்ஸ், பீட்டர்ஸ்பர்க்கின் செனித் மூன்றையும் நிறுத்திவைத்தது. அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் பலர் பெட்டி கட்டினார்கள். அந்த வருட உள்நாட்டுப் பட்டமும் செனித்துக்குப் போனது. இப்போது ஐரோப்பா இல்லை, ரஷ்யாவின் முதன்மைப் போட்டியான விடிபி லீக்தான். த்காச்சென்கோ கீவிலிருந்து வந்தவர் என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள்

விடியற்காலை சப்சான் அதிவேக ரயில் பிடித்து பீட்டர்ஸ்பர்க், நாலு மணி நேரம். டிக்கெட்டை நிலையத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கினேன். ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் பார்க்காமல் திரும்பியவன் என்று என்னைத் திட்டப்போகிறவர்கள் கீழே திட்டலாம். நான் போனது ஸ்போர்திவ்னயா மெட்ரோவுக்கு அருகிலுள்ள யுபிலேய்னி அரங்கத்தின் முன்னால் நிற்க. 1967இல் கட்டிய வட்ட அரங்கம், ஸ்பார்தாக் லெனின்கிராத் அணியின் வீடு.

1969 முதல் 1984 வரையிலான செஸ்காவின் பட்ட வரிசையில் 1975 மட்டும் ஓட்டைப் பல் மாதிரி இருக்கும். அது இந்த ஸ்பார்தாக்கின் வேலை. கோச் விளதீமிர் கோந்த்ராஷின், நட்சத்திரம் அலெக்சாந்தர் பெலோவ். செர்கெய்க்கு உறவில்லை, பெயர் மட்டும் ஒன்று.

1972 மூனிக் ஒலிம்பிக்குக்கு கோமெல்ஸ்கியை ஒதுக்கிவிட்டு கோந்த்ராஷினைத்தான் தேசிய அணிக்கு கோச்சாகப் போட்டார்கள். இறுதியில் அமெரிக்கா, அதுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அணி. கடிகாரக் குழப்பத்தில் கடைசி மூன்று விநாடிகளை மூன்று தடவை ஆடவைத்தார்கள். செர்கெய் பெலோவ் அந்த ஆட்டத்தில் 20 புள்ளி. கடைசித் தடவை, கோட்டுக்கு வெளியே நின்று மைதானத்தின் முழு நீளத்துக்கும் பந்தை எறிந்தவர் இவான் எதெஷ்கோ, செஸ்காக்காரர், பெலாருசிலிருந்து வந்தவர். கூடைக்கடியில் அதைப் பிடித்து உள்ளே போட்டவர் ஸ்பார்தாக்கின் அலெக்சாந்தர் பெலோவ். 51–50. அமெரிக்கர்கள் இன்றுவரை வெள்ளிப் பதக்கத்தை வாங்கவில்லை. ஊரில் ஒருவரையொருவர் கடித்துத் தின்ற இரண்டு கழகங்களின் கைகள் அந்த ஒரு பந்தில் சேர்ந்திருந்தன.

அலெக்சாந்தர் இதயத்தில் வந்த புற்றுநோயால் 26 வயதில் இறந்தார், 1978 அக்டோபர் 3. செர்கெய் இறந்ததும் அக்டோபர் 3, 2013இல். நேற்று இரவு தேதிகளைச் சரிபார்க்கும்போதுதான் கவனித்தேன், கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

யுபிலேய்னி வாசலில் ஒரு பள்ளிக்கூடப் பையன் பனிமேல் பந்தைத் தட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். எழும்பவில்லை. காலால் உதைத்துக்கொண்டே போய்விட்டான்.

ஏழாம் நாள்

ராத்திரி ரயிலில் திரும்பிவந்து, தூங்காமலே செஸ்கா மெட்ரோ நிலையம். ஆமாம், அந்தப் பெயரிலேயே ஒரு நிலையம், 2018 பிப்ரவரியில் திறந்தது. உள்ளே விளையாட்டு வீரர்களின் பெரிய சிலைகள், கூடைப்பந்துக்காரர் ஒருவரும் நிற்கிறார். முகம் யாருடையதும் இல்லை. நான் அவருக்கு மனசுக்குள் பெயர் வைத்துப் பார்த்தேன். அலாஸ்காவிலிருந்து வந்த லேங்டனா, கிரீசின் பபலூக்காசா, தாஷ்கண்டிலிருந்து வந்த ஜர்முகமேதவா? எதுவும் ஒட்டவில்லை, எல்லாமும் ஒட்டியது.

மேலே ஏறினால் ஹொதின்கா. 1896இல் இரண்டாம் நிக்கொலாயின் முடிசூட்டு விழாவுக்கு இலவசப் பரிசு வாங்க வந்த கூட்டத்தில் மிதிபட்டு ஆயிரத்துக்கும் மேல் செத்த மைதானம், பிறகு விமானதளம். இப்போது பூங்கா, வணிக வளாகம், உயர்ந்த குடியிருப்புகள், அதன் ஓரத்தில் மெகாஸ்போர்ட் அரங்கம். பெரிய ஐரோப்பிய ஆட்டங்களை இங்கேதான் வைத்தார்கள். இன்று காலை வாசலில் ஓர் ஆள் பனியை வாரிக்கொண்டிருந்தார். படம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மூட்டை கட்டும்போது வீட்டுக்காரர் ஒரு தாள் கொடுத்தார். வரும் மாதங்களின் ஆட்ட அட்டவணையைக் கையால் எழுதியிருந்தார். சொந்த ஊர் ஆட்டங்களின் பக்கத்தில் எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு வீடு வரைந்து, அதன்மேல் புகையும் விட்டிருந்தார். க்ராஸ்னதார் ஆட்டத்துக்கு நேராக ஒரு நடக்கிற மனிதன்.